93 சதவீதம் என்றால் எதில் 93?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்க உட்கார்ந்தால், எந்தப் படம் என்று முடிவாவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். போன வாரமும் அப்படித்தான். நான் ஒரு படத்தின் பெயரைச் சொன்னதும் மகள் போனை எடுத்து, ராட்டன் டொமேட்டோஸ் என்ற விமர்சனத் தளத்தில் தட்டினாள். "58தான்ப்பா போட்டிருக்கு, வேணாம்." அவள் சொன்ன படத்துக்கு 93. சரி, அதையே பார்ப்போம் என்று போட்டோம். மோசமான படம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாதியில் இட்லிக்கு ஊறப்போட எழுந்து போன மனைவி திரும்பி வந்து உட்கார்ந்தபோது, "இதுவரைக்கும் என்ன ஆச்சு?" என்றுகூடக் கேட்கவில்லை. அந்த அளவுக்கான படம்.

"93 மார்க் வாங்கின படமா இது?" என்றேன்.

"மார்க் இல்லப்பா, பர்சென்ட்."

"சரி, எதில் 93 பர்சென்ட்?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அப்போது பாதிதான் தெரியும். தேடிப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அந்த எண்ணை நம்பலாமா, கூடாதா என்று எல்லாரும் சண்டை போடுகிறார்களே தவிர, அது எதை அளக்கிறது என்று பலரும் பார்ப்பதில்லை. அதை முதலில் பார்த்துவிடலாம்.

நூறு சதவீதத் தேர்ச்சி

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டுவார்கள்: "100 சதவீதத் தேர்ச்சி". அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு எடுத்திருக்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. தேர்ச்சி பெற 35 போதும். அத்தனை பேரும் 36 எடுத்திருந்தாலும் அந்த பேனர் பொய்யாகாது. பக்கத்துப் பள்ளியில் பாதிப் பேர் சென்டம் எடுத்திருக்கலாம். நாலு பேர் கோட்டை விட்டிருந்தால் அவர்களால் அந்த பேனரைக் கட்ட முடியாது.

ராட்டன் டொமேட்டோஸ் தரும் எண் இந்தத் தேர்ச்சி விகிதம்தான். 1998 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் சென் டுவாங் என்ற மாணவர் தொடங்கிய தளம் அது. ஜாக்கி சானின் தீவிர ரசிகர். தன் நாயகனின் படங்களைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்பதை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். கிட்டத்தட்ட நம் ஊர் ரசிகர் மன்றத்துக்காரர் பேப்பர் கட்டிங் ஒட்டி வைப்பது மாதிரிதான். (நாடகம் பிடிக்காவிட்டால் அழுகிய தக்காளியை மேடையில் வீசும் பழைய வழக்கம்தான் அந்தப் பெயருக்குக் காரணம்.)

இப்படிப் பல விமர்சனங்களைத் திரட்டி ஒரே எண்ணாகச் சுருக்கித் தருவதைத் திரட்டு மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். ராட்டன் டொமேட்டோஸ் அதைச் சுருக்கும் முறை எளிது. ஒவ்வொரு விமர்சனத்தையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி: மொத்தத்தில் இவர் படத்தைப் பரவாயில்லை என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? பரவாயில்லை என்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேரோ, அதுதான் எண். 60 அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்புத் தக்காளி. குறைந்தால் நசுங்கிய பச்சைத் தக்காளி. ஐந்துக்கு மூன்று ஸ்டார் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டவரும், ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு மறுநாளே இரண்டாம் முறை பார்த்தவரும் அந்தக் கணக்கில் ஒரே தேர்ச்சிதான்.

இரண்டு படங்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். இரண்டுக்கும் பத்துப் பத்து விமர்சகர்கள்.

முதல் படத்துக்குப் பத்துப் பேரும் ஐந்துக்கு மூன்று தருகிறார்கள். எல்லாரும் தேர்ச்சி. ராட்டன் டொமேட்டோஸ் கணக்கில் 100 சதவீதம். ஆனால் மொத்தம் 50-க்கு 30. சராசரி என்று பார்த்தால் நூற்றுக்கு 60.

இரண்டாம் படத்துக்கு ஆறு பேர் ஐந்துக்கு ஐந்து. நாலு பேருக்குப் பிடிக்கவே இல்லை, ஐந்துக்கு இரண்டு. தேர்ச்சி 60 சதவீதம். சராசரியோ 50-க்கு 38, அதாவது நூற்றுக்கு 76.

எதைப் பார்ப்பீர்கள்? நான் இரண்டாவதைத்தான் பார்ப்பேன். பத்தில் ஆறு பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய படம் அது. ஆனால் போனில் தெரிவது 100-ம் 60-ம் மட்டும்தான். என் மகள் நிச்சயம் முதல் படத்தைத்தான் போடுவாள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: அந்த சதவீதம், படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை. எத்தனை பேருக்குக் குறைந்தபட்சம் பரவாயில்லை என்று பட்டது என்று சொல்கிறது. எங்கள் 93 பொய் சொல்லவில்லை. அந்தப் படம் பரவாயில்லைதான்.

கட்-ஆஃப் போடுகிறவர்கள்

மெட்டாக்ரிட்டிக் என்ற இன்னொரு தளம் 2001-இல் வந்தது. இவர்கள் தேர்ச்சி விகிதம் பார்ப்பதில்லை, மார்க் பார்க்கிறார்கள். ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, அதன் சராசரியைத் தருகிறார்கள். ஆனால் வெறும் சராசரி இல்லை, எடையிட்ட சராசரி.

பயப்பட வேண்டாம். பொறியியல் கட்-ஆஃப் போட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கணக்குக்கு 100 அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் ஆளுக்குப் பாதியாகி 50, 50. மொத்தம் 200. மூன்றிலும் ஒரே அளவு உழைத்தாலும் கணக்குக்கு மதிப்பு இரட்டிப்பு. அதேபோல, மெட்டாக்ரிட்டிக்கில் சில பத்திரிகைகளின் விமர்சனத்துக்குக் கனம் அதிகம், சிலதற்குக் குறைவு. எதற்கு எவ்வளவு என்று மட்டும் அவர்கள் வெளியே சொல்வதில்லை. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்று தெரியாமலே கட்-ஆஃப் வாங்கிக்கொள்வது போல.

இன்னொரு சங்கடமும் உண்டு. மார்க் போடாமல் வெறும் கட்டுரையாக எழுதும் விமர்சகர்கள் நிறைய. "முதல் பாதி தள்ளாடினாலும் நாயகியின் நடிப்பு படத்தைக் கரை சேர்க்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தால் அது 60-ஆ, 70-ஆ? யாரோ ஒருவர் படித்துப் பார்த்து ஓர் எண் போடுகிறார். அவர் நேர்மையாகத்தான் போடுவார். ஆனாலும் அது அவர் காதில் விழுந்த தொனி.

நம்மூர் மார்க்கும் வெளியூர் மார்க்கும்

எண்ணைப் பார்த்ததும் அதை நம் பள்ளிக்கூட ரேங்க் கார்டோடு ஒப்பிடும் பழக்கம் நமக்கு விடாது. 58 என்றால் சுமார், 93 என்றால் முதல் ரேங்க். ஆனால் ஒவ்வோர் அளவுகோலுக்கும் தனிப் பழக்கம் இருக்கிறது. ஆனந்த விகடன் படங்களுக்கு மார்க் போட்டதை நினைத்துப் பாருங்கள். அதில் 40-ஐத் தாண்டினாலே மரியாதையான படம். 60 தொட்டால் ஊரே பேசும். '16 வயதினிலே' வாங்கிய 62.5-ஐ இன்றைக்கும் சொல்லிச் சிலாகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே 62 ராட்டன் டொமேட்டோஸில் வந்தால், தட்டுத்தடுமாறிக் கரையேறிய படம் என்று நினைத்துக் கடந்து போவோம்.

விகடன் 42 போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அதன் வாசகருக்குத் தெரியும். வாராவாரம் படித்துப் பழகியிருப்பார். மார்க்கோடு ஒரு பக்கம் விமர்சனமும் இருக்கும். போனில் நாம் பார்ப்பதில் எண் மட்டும் தனியாக வந்து நிற்கிறது.

பிரியாணிக் கடை ஐந்து ஸ்டார்

விமர்சகர்களை விடுங்கள், ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்பவர்கள் போகுமிடம் ஐஎம்டிபி. 1990-இல் தொடங்கி, 1998-இல் அமேசான் வாங்கிய தளம். இங்கே யார் வேண்டுமானாலும் பத்துக்கு இத்தனை என்று ஓட்டுப் போடலாம்.

தெருமுனையில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடைக்கு மேப்பில் 5 ஸ்டார் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஏழு பேர் போட்டிருப்பார்கள். அதில் நாலு பேர் ஓனரின் மச்சான்களாக இருக்கலாம். எட்டாயிரம் பேர் சாப்பிட்டு 4.2 போட்ட பழைய கடையை விட இதை நம்புவீர்களா? மாட்டீர்கள். கொஞ்சம் பேர் சொல்வதை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது கடை விஷயத்தில் நமக்குத் தன்னால் தெரிகிறது.

ஐஎம்டிபி தன் தலைசிறந்த 250 படங்களின் பட்டியலுக்கு இதைத்தான் கணக்காகச் செய்கிறது. 25,000 ஓட்டு இல்லாத படம் பட்டியலுக்குள்ளேயே வராது. வந்த படங்களுக்கும், எல்லாப் படங்களின் பொதுச் சராசரியில் கொஞ்சம் கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துவிட்டுத்தான் எண்ணுகிறார்கள். சின்ன எண்களில் பார்த்தால் புரியும். பொதுச் சராசரி 7 என்றும், சேர்க்கும் கற்பனை ஓட்டு 100 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்குப் பத்துப் பேர் பத்துக்குப் பத்து போட்டால் அதன் எண் 10 ஆகாது. 700-உம் 100-உம் சேர்ந்து 800, அதை 110-ஆல் வகுத்தால் 7.27. பத்தாயிரம் பேர் பத்து போட்டால் அந்தக் கற்பனை ஓட்டுகள் கடலில் கரைத்த பெருங்காயம். எண் 10-ஐ ஒட்டிப் போய்விடும்.

ஆனால் இந்த வித்தையால் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது: ஓட்டுப் போட யார் வருகிறார்கள் என்பது. மிகவும் பிடித்தவர் வருவார், கடுப்பானவர் வருவார். "ம், பார்த்தேன்" என்று வீட்டுக்குப் போனவர் வரமாட்டார். இதற்குச் சுயதேர்வு என்று பெயர். யாரைக் கேட்பது என்பதை நாம் முடிவு செய்யாமல், வருகிறவர்கள் தாங்களாக வந்து சேர்வது. பெரிய நடிகரின் படம் வெளிவந்த நாளில் இது கண்கூடாகத் தெரியும். ஒரு கூட்டம் விடிகாலையிலேயே பத்துப் பத்தாகப் போடும். எதிர்க்கூட்டம் ஒன்று ஒன்றாகப் போடும். பாதிக்குப் பாதி என்றால் சராசரி 5.5. அந்தப் படத்துக்கு ஐந்தோ ஆறோ போட்ட மனிதர் ஒருவர்கூட இல்லாமலே 5.5 வந்துவிடும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2019-இல் 'கேப்டன் மார்வெல்' வெளியாகும் முன்பே, படத்தைப் பார்க்க முடியாத நிலையிலேயே, அதைத் திட்டிக் குவித்தார்கள். ராட்டன் டொமேட்டோஸ் வெளியீட்டுக்கு முந்தைய கருத்துப் பகுதியையே எடுத்துவிட்டு, சில மாதங்களில் டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் ஓட்டைத் தனியாகக் காட்டத் தொடங்கியது. டிக்கெட் வாங்கியதை எப்படி உறுதி செய்கிறார்கள்? அந்தத் தளம் 2016 முதல் ஃபண்டாங்கோ என்ற டிக்கெட் விற்கும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. டிக்கெட் விற்பவர் கையிலேயே விமர்சன எண்ணும் இருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், அது வேறு கதை.

ஒரு வழி, வருகிறவர்களுக்காகக் காத்திருக்காமல் வாசலில் நின்று கேட்பது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் கூட்டத்திடம் சீட்டுக் கொடுத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை கிரேடு வாங்குகிறது. இங்கேயும் ஒரு நெளிவு உண்டு. முதல் நாள் வருகிறவர் ஏதோ ஒன்றை எதிர்பார்த்து வருகிறார். எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதைத்தான் அந்த கிரேடு சொல்கிறது. 2017-இல் வந்த 'மதர்!' விமர்சகர்களில் பெரும்பான்மையோரின் பாராட்டைப் பெற்றது. வழக்கமான திகில் படம் என்று நினைத்து வந்த கூட்டம் எஃப் போட்டுவிட்டுப் போனது.

மீண்டும் ஒரு முறை: விமர்சகர் எண் ஒன்று தேர்ச்சி விகிதம், இன்னொன்று எடையிட்ட சராசரி. ரசிகர் எண், ஓட்டுப் போட மெனக்கெட்டவர்களின் குரல். வாசல் கிரேடு, எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்ற செய்தி. நாலும் நாலு வேறு கேள்விகளுக்கான பதில்கள். நாம் நாலையும் "எத்தனை மார்க்?" என்ற ஒரே கேள்விக்குள் திணிக்கிறோம்.

ஒருவர் மனம் மாறினால்

தேர்ச்சி விகிதத்தில் இன்னொரு பலவீனம், அந்த 60 என்ற கோடு. 59-க்கும் 61-க்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஆனால் தக்காளியின் நிறம் மாறிவிடும். கோடு இருக்குமிடத்தில் அதைத் தாண்ட வைக்கும் தொழிலும் வந்துவிடும். அதிகம் பேர் அறியாத சிறு விமர்சகர்களுக்கு ஒரு விளம்பர நிறுவனம் பணம் கொடுத்து விமர்சனம் எழுத வைத்ததை 2023-இல் அமெரிக்க இதழ் ஒன்று விரிவாக எழுதியது. அதில் பேசப்பட்ட படம், விமர்சனங்கள் சில கூடிச் சேர்ந்ததும் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருந்தது.

'சிட்டிசன் கேன்' கதை வேடிக்கையானது. 100 சதவீதத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்த படம். 1941-இல் ஒரு சிகாகோ பத்திரிகையில் வந்த, படம் தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்ற விமர்சனம் ஒன்று, எண்பது வருடம் கழித்து 2021-இல் கணக்கில் சேர்ந்தது. எண் 99 ஆனது. உலகச் செய்தி. படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை.

அங்கே நூறு விமர்சனத்துக்கு மேல் இருந்ததால் ஒன்று போனால் ஒரு புள்ளிதான். தமிழ்ப் படங்களுக்கு அந்தத் தளத்தில் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவு விமர்சனங்கள்தான் இருக்கும், அவையும் அநேகமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆறு பேர் எழுதியிருந்தால் ஒருவர் மனம் மாறினாலே எண் 17 புள்ளி புரண்டுவிடும். தமிழ்ப் படத்துக்கு அந்த எண்ணைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து. பேசாமல் ஆறு விமர்சனத்தையும் படித்துவிடலாம், அரை மணி நேரம் ஆகாது.

அப்புறம், காலம். இந்த எண்களில் பெரும்பகுதி படம் வெளியான வாரத்திலேயே உறைந்துவிடுகிறது. 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' அன்றைக்குக் கலவையான வரவேற்பைத்தான் பெற்றது. இன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிப் பாருங்கள், இருபத்தைந்து வயதுப் பையன்கள் சண்டைக்கு வருவார்கள். முதல் வாரத்து எண்ணுக்கு இது தெரியாது.

முதல் வாரம்தான் எல்லாம் என்ற பயம் படம் எடுப்பவர்களையும் பிடித்திருக்கிறது. 2024 டிசம்பரில் தமிழ்த் தயாரிப்பாளர் தரப்பு, படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணையத்தில் விமர்சனம் வெளியிடத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவர்களுடைய பண நெருக்கடி புரிகிறது. ஆனால் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று குடும்பமாகப் போய்வர ஆகும் செலவை நினைத்தால், போவதற்கு முன் நாலு பேரைக் கேட்கிறவனைத் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, பார்த்து முடிவெடுக்கலாமா கூடாதா?

யாரோடு பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று எட்டுப் பேர் கிளம்புகிறீர்களா? அப்போது உங்களுக்கு வேண்டியது யாரும் முகம் சுளிக்காத படம். தேர்ச்சி விகிதம் பதில் சொல்லும் கேள்வியும் அதுவேதான். 90-க்கு மேல் உள்ளதைத் தைரியமாகப் போடலாம். கல்யாணப் பந்தியில் பரிமாறும் சாம்பார் மாதிரி, யாருக்கும் குறையிருக்காது. வீட்டுக்குப் போய் அதை நினைத்து ஏங்கவும் மாட்டார்கள்.

தனியாக, ராத்திரி பத்து மணிக்கு, உங்களுக்கே உங்களுக்காக என்றால் நான் 50-க்கும் 70-க்கும் நடுவே தேடுவேன். அந்தப் பகுதியில் இரண்டு விதப் படங்கள் கலந்து கிடக்கும். எல்லாருக்கும் அரைகுறையாகப் பட்டவை சில. பாதிப் பேர் கொண்டாட, பாதிப் பேர் ஏசியவை சில. இரண்டாவது வகையில்தான் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க மறக்காத படம் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. எண்ணோடு நிற்காமல், ஓட்டுகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்ற பட்டை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஐஎம்டிபியில் எண்ணைத் தட்டினால் வரும். நடுவில் மேடு என்றால் சுமாரான படம். இரண்டு ஓரத்திலும் மேடு என்றால், அதில் ஏதோ இருக்கிறது. (எந்த ஓரத்துக் கூட்டம் வெறும் ரசிகர் சண்டை என்பதை நாமேதான் கழித்துக்கொள்ள வேண்டும்.)

எண்ணை விட உதவுவது ஓர் ஆள். நமக்குப் பழகிய ஒரே ஒரு விமர்சகர். அவரோடு ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. எங்கள் பெரியப்பா "தாங்கலடா சாமி, ஒரே அழுகை" என்று சொல்லிவிட்டு வந்த படங்களையெல்லாம் நான் அடுத்த நாளே போய்ப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பியதில்லை. இருபது வருடம் அவர்தான் என் திரட்டு மதிப்பெண்.

அந்த 58 என்ன ஆயிற்று என்றால், ஓட்டுப் பட்டைகளைத் திறந்து மகளிடம் காட்டினேன். இரண்டு ஓரத்திலும் மேடு. இந்த ஞாயிறு அதைப் போட்டோம். மனைவி இட்லிக்கு ஊறப்போடுவதை மறந்தே போனாள். மகள் இருபதாவது நிமிடத்தில் சோபாவிலேயே தூங்கிவிட்டாள். முடிந்ததும் அவளை எழுப்பி, "மூணு பேர்ல ரெண்டு பேர் பாஸ் போட்டாச்சு, நம்ம வீட்டுக் கணக்குல 67 பர்சென்ட்" என்றேன்.

"தூங்கினவங்க எப்பப்பா ஓட்டுப் போட்டாங்க? 100ன்னு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.